பைப்புக்கு போர்வை போத்தாதீங்க, காலி பண்ணுங்க

நவம்பர் பொறந்தா போதும். டல்லாஸ் சுத்துவட்டாரத்துல இருக்குற நம்ம மக்களோட வாட்சப் குரூப்புல ஒரு போட்டோ சுத்த ஆரம்பிச்சிடும். வீட்டுக்கு வெளிய இருக்குற தோட்டத்து பைப்புக்கு வெள்ளையா ஒரு தெர்மோகோல் தொப்பி மாட்டி விட்ட போட்டோ. கீழ, "கடையில ஸ்டாக் வந்திருக்கு, தீர்ந்து போறதுக்குள்ள வாங்கிக்கங்க"ன்னு ஒரு வரி. உடனே முப்பது பேர் கட்டைவிரலை தூக்கி காட்டுவாங்க. எனக்கு அந்த தொப்பி மேல எந்த விரோதமும் கிடையாது. அதை மாட்டிட்டு, குளிர்காலத்துக்கு ரெடி ஆயிட்டோம்னு நிம்மதியா தூங்க போறது மேல தான் கடுப்பு.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம் தான். வெளிய இருக்குற தண்ணி லைனை போத்தி காப்பாத்த முடியாது. உள்ள இருக்குற தண்ணிய வெளிய எடுத்தா தான் அது பொழைக்கும். "இது தெரியாதா, இதுக்கு ஒரு பதிவா"ன்னு கேக்குறவங்க, உங்க வீட்டு மெயின் வால்வு எங்க இருக்குன்னு இப்போ எழுந்து போய் தொட்டு காட்டிட்டு வந்து மேல படிங்க :-)

ஊர்ல இருந்து படிக்கிற மக்களுக்கு இது என்ன மேட்டர்னே புரியாது. ஞாயம் தான். ஆரணி பக்கத்துல பெரணமல்லூர் எங்க ஊரு. அங்க தண்ணி பைப்புக்கு வர்ற ஒரே வியாதி வெயில். மொட்டைமாடி டேங்குல இருந்து சுவத்தோரமா இறங்குற பி.வி.சி பைப்பு நாலஞ்சு வருஷ வெயில்ல வெளுத்து, மொறமொறன்னு ஆகி, ஏணி லேசா இடிச்சாலே விண்டு போகும். சித்திரை மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு பைப்பை தொறந்தா டீ போடுற சூட்டுல தண்ணி வரும். குளிர்னா எங்களுக்கு மார்கழி காலையில ஒரு மப்ளர், அவ்வளவு தான். தண்ணி உறைஞ்சு பைப்பு வெடிக்கும்னு சொன்னா எங்க தெருவுல ரீல் விடுறான்னு தான் சொல்லுவாங்க.

எங்கப்பா தறி நெய்யுறவர். பட்டுக்கு அப்புறம் அவருக்கு பிடிச்சது கேள்வி கேக்குறது. இந்த பைப்பு கதைய போன்ல சொன்னப்போ அவர் கேட்டது: "ஏன்டா, ஃப்ரிட்ஜுல ட்ரேவுல தண்ணி ஊத்தி வெக்கிறோம். ஐஸ் ஆவுது. ட்ரே என்னிக்காவது வெடிச்சிருக்கா? பைப்பு மட்டும் ஏன்டா வெடிக்கணும்?"

நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சவனுக்கு வராத கேள்வி. இந்த கேள்விக்கு பதில் தெரிஞ்சா மிச்சம் எல்லாம் தானா புரிஞ்சிடும். அதனால கொஞ்சம் விலாவரியாவே சொல்றேன்.

தண்ணி ஒரு விசித்திரமான சரக்கு. குளிர குளிர சுருங்கிட்டே வந்து, 4 டிகிரி செல்சியஸ் தாண்டினதும் ரிவர்ஸ் கியர் போட்டு விரிய ஆரம்பிக்கும். ஐஸ் ஆகும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருசாகும். ட்ரேக்கு மேல்பக்கம் தொறந்திருக்கு. அதனால ஐஸ் மேல உப்பி வரும், யாருக்கும் பிரச்சனை இல்ல. அதே தண்ணிய கண்ணாடி பாட்டில்ல ரொப்பி, மூடியை இறுக்கி ஃப்ரீசர்ல வெச்சு பாருங்க. (வெக்காதீங்க. தங்கமணி கிட்ட வாங்கி கட்டிக்க நேரிடும்.)

மூடியிருக்குற குழாய் தான் அந்த பாட்டில். ஆனா அதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. பலபேர் நெனைக்கிற மாதிரி ஐஸ் உருவான இடத்துல தான் பைப்பு வெடிக்கணும்னு இல்ல. நடுவுல ஒரு இடத்துல ஐஸ் கட்டை மாதிரி அடைச்சிடுது. அது வளர வளர ரெண்டு பக்கமும் தண்ணிய தள்ளும். தெரு மெயின் பக்கம் போற தண்ணி பின்னாடி நகர்ந்துக்கும், அங்க இடம் இருக்கு. மூடின குழாய் பக்கம் மாட்டின தண்ணிக்கு போக்கிடம் இல்ல. அங்க அழுத்தம் ஏறிட்டே போய், சாதாரண லைன் பிரஷரைப் போல பல மடங்கு ஆகி, எங்க பலவீனமோ அங்க கிழிச்சிக்கிட்டு வரும். இதனால தான் வெடிச்ச இடத்தை தொட்டு பாத்தா சில சமயம் ஐஸே இருக்காது. இல்லினாய் பல்கலைக்கழகத்துல 1990கள்ல இதை சோதிச்சு பாத்திருக்காங்க. தெற்கு மாநில வீடுகள்ல பாதுகாப்பு இல்லாத பைப்புக்கு 20 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் மைனஸ் 7 செல்சியஸ், அபாய எல்லைன்னு சொன்னது அந்த ஆராய்ச்சி தான்.

ஆக குற்றவாளி குளிர் மட்டும் இல்ல. தப்பிக்க வழி இல்லாம அடைச்சு வெச்ச தண்ணி தான் கூட்டாளி. குளிரை நம்மால ஒண்ணும் பண்ண முடியாது. தண்ணிய பண்ணலாம்.

இதை சொன்னதும் அப்பா ஒரு செகண்ட் கூட யோசிக்கல. "பாவு மாதிரி தான்னு சொல்லு"ன்னார். எங்க ஊர்ல விடியக்காலையில தெருவுல பட்டு பாவு நீட்டுவாங்க. நீட்டும்போது வானம் கருத்தா யாரும் பாவுக்கு குடை பிடிச்சிட்டு நிக்க மாட்டாங்க. சுருட்டி உள்ள எடுத்துட்டு போயிடுவாங்க. பட்டு பட்டா இருக்கணும்னா நனையுற இடத்துல அது இருக்க கூடாது, அவ்வளவு தான் கணக்கு. மனுஷன் ஐஸை ஃப்ரிட்ஜுல மட்டும் பாத்தவர். ஹ்ம்ம்.

இப்போ 2021 பிப்ரவரிக்கு வருவோம். நான் அப்போ ரிச்சர்ட்சன்ல மாஸ்டர்ஸ் பண்ணிட்டு, மூணு பசங்களோட ஒரு அபார்ட்மெண்ட்ல குடியிருந்தேன். 16ஆம் தேதி காலையில டல்லாஸ் ஏர்போர்ட்ல மைனஸ் 2 ஃபாரன்ஹீட். செல்சியஸ்ல கிட்டத்தட்ட மைனஸ் 19. 1949க்கு அப்புறம் அந்த ஊர் பாக்காத குளிர். அதுவும் ஒரு ராத்திரி கூத்து இல்ல, அஞ்சு நாளுக்கு மேல வெப்பநிலை உறைநிலைய தாண்டி மேல ஏறவே இல்ல. மாநிலம் முழுக்க 45 லட்சம் வீடுகளுக்கு மேல கரண்ட் போச்சு. அந்த குளிர்ல செத்தவங்க எண்ணிக்கைய மாநில சுகாதாரத்துறை பின்னாடி 246ன்னு அறிவிச்சது. எங்க பில்டிங்ல மாடி வீட்டு சீலிங்ல இருந்து தண்ணி கொட்டி, கீழ் வீட்டு சோபா மெத்தை எல்லாம் ஊறி, கதவை தொறந்தா வாசப்படியில ஐஸ். தண்ணிய எங்க மூடுறதுன்னு குடியிருந்த ஒருத்தருக்கும் தெரியல. அபார்ட்மெண்ட் ஆபீஸ்ல போனை எடுக்க ஆள் இல்ல. முக்கா மணி நேரம் கொட்டிச்சு.

அந்த வாரத்தை வெச்சு தான் என்னோட கட்சியே. பைப்பை காப்பாத்த ஊர் உலகத்துல சொல்ற வழிகளை எடுத்துக்கங்க. ஒண்ணு, பைப்பு மேல கரண்ட் டேப்பு சுத்தி சூடேத்துறது. கரண்டே இல்லாத ஊர்ல டேப்பு என்ன பண்ணும்? இன்னொண்ணு, தொப்பி, போர்வை, ஃபோம். இதுல எதுவும் சூடு உற்பத்தி பண்ணாது. உள்ள இருக்குற சூட்டை மெதுவா வெளிய விடும், அவ்வளவு தான். வீட்டு சுவத்துல இருந்து நேரா நீட்டிட்டு இருக்குற குழாய்க்கு, சுவர் வழியா கசியுற சூட்டை புடிச்சு வெக்கிறதால, தொப்பி ஒரு ராத்திரி ரெண்டு ராத்திரி உதவும். இதை நான் மறுக்கல. அஞ்சு நாள் குளிருக்கு, அதுவும் வீட்டுக்குள்ளயே ஹீட்டர் ஓடாதப்போ, அந்த தொப்பி வெறும் அலங்காரம்.

மூணாவது தான் எல்லாரும் நம்புற வழி: குழாயை லேசா தொறந்து சொட்ட விடுறது. இது விஞ்ஞானப்படி சரியான வழி தான். ஐஸ் அடைச்சாலும் குழாய் பக்கம் அழுத்தம் ஏறாம சொட்டு சொட்டா வெளிய போயிடும். வீட்டுக்குள்ள இருக்குற குழாய்க்கு நானும் அதை தான் செய்வேன். ஆனா மொத்த ஊரும் ஒரே ராத்திரியில எல்லா குழாயையும் தொறந்து விட்டா என்ன ஆகும்? வெடிச்ச பைப்புல ஒரு பக்கம் தண்ணி போவுது, சொட்டுற குழாய்ல இன்னொரு பக்கம் போவுது, பம்ப் பண்ற ஸ்டேஷனுக்கு கரண்ட் இல்ல. ஊர் ஊரா பிரஷர் இறங்கிடுச்சு. ஹூஸ்டன் நகர நிர்வாகம், பைப்பு வெடிக்காம இருக்கறதுக்காக தண்ணிய ஓட விடாதீங்கன்னு ஜனங்க கிட்ட கெஞ்ச வேண்டி வந்தது. ஆஸ்டின்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில தண்ணி பிரஷர் போய், ஹீட்டரும் போய், நோயாளிகள்ல சிலரை வேற இடத்துக்கு மாத்துனாங்க. ஒரு கோடிக்கும் மேல ஜனங்க தண்ணிய காய்ச்சி தான் குடிக்கணும்னு அறிவிப்பு.

அதாவது என் வீட்டு தோட்டத்து குழாயை காப்பாத்த நான் சொட்ட விடுற தண்ணிக்கு எங்கயோ ஒரு ஆஸ்பத்திரி கட்டில்ல விலை குடுக்குறாங்க. உள்குழாய்க்கு வேற வழி இல்ல, சரி. ஆனா ரெண்டு நிமிஷத்துல காலி பண்ணக்கூடிய தோட்டத்து குழாயை, பிப்ரவரியில ஒரு செடிக்கும் தேவைப்படாத குழாயை, ராத்திரி பூரா சொட்ட விடுறது எனக்கு சுத்தமா ஒத்துக்கல. கரண்ட் வேண்டாம், பிரஷர் வேண்டாம், கடைக்கு போக வேண்டாம். காலியான பைப்பு மைனஸ் நாப்பதுலயும் சும்மா கிடக்கும். பிரச்சனை என்னன்னா காலியை டப்பாவுல போட்டு விக்க முடியாது. அதனால அதுக்கு விளம்பரமும் இல்ல, வாட்சப் போட்டோவும் இல்ல.

சரி, எதை காலி பண்ணனும்? முதல்ல ஹோஸ் பைப்பு. குழாய்ல மாட்டியிருக்குற பச்சை டியூபை கழட்டி, தண்ணிய வடிச்சு, சுருட்டி கராஜ்ல போடுங்க. இது சின்ன விஷயமா தெரியும். இங்க நிறைய வீட்ல இருக்குறது உறையாத குழாய்ன்னு சொல்ற டைப். வெளிய திருகுற கைப்பிடி, ஆனா நிஜமா தண்ணிய மூடுற வாய் சுவத்துக்கு உள்ள முக்கால் அடி, ஒரு அடி தள்ளி கதகதப்பான இடத்துல இருக்கும். மூடின உடனே முன்பக்கம் இருக்குற தண்ணி தானா வடிஞ்சிடும். அழகான டிசைன். ஆனா ஹோஸை மாட்டியே வெச்சா வடிய வழியில்லாம தண்ணி உள்ளயே நிக்கும். உறையும். சுவத்துக்குள்ள பைப்பு கிழியும். வாய் மூடியிருக்குறதால அப்போ ஒரு சொட்டு கூட வெளிய வராது. மார்ச் மாசம் தக்காளி நாத்துக்கு தண்ணி விடலாம்னு தொறப்பீங்க பாருங்க, அப்போ சுவத்துக்குள்ள அருவி. நம்மாளுங்க கறிவேப்பிலை தொட்டிய மட்டும் பச்சப்புள்ள மாதிரி தூக்கிட்டு போய் ஹால்ல வெப்பாங்க. ஹோஸ் அங்கயே தொங்கும்.

அடுத்து ஸ்பிரிங்க்ளர். இங்க தான் மேட்டரே இருக்கு. புல்லுக்கடியில ஓடுற பைப்பை பத்தி டெக்சாஸ்ல அவ்வளவா பயம் இல்ல. அதுக்கு மேல ஆறு அங்குலம் மண்ணு இருந்தா போதும்ங்கிறது மாநில விதி. சாதாரண குளிர் அந்த ஆழத்துக்கு இறங்காது. (மின்னசோட்டா மாதிரி இடத்துல குடிதண்ணி லைனையே ஏழெட்டு அடி ஆழத்துல பதிக்கிறாங்க. அவங்க கஷ்டம் அவங்களுக்கு.) மாட்டுறது பல வீட்ல சுவத்தோரமா முழங்கால் உயரத்துல பித்தளையில நிக்குற ஒரு சாமான். தோட்டத்து அழுக்குத்தண்ணி பின்னாடி உறிஞ்சிக்கிட்டு குடிதண்ணில கலந்துடாம தடுக்குறது அதோட வேலை. அந்த வேலைய செய்யணும்னா அது ஸ்பிரிங்க்ளர் தலைய விட உயரமா இருந்தாகணும். அதனால மண்ணுக்கு வெளிய, காத்துல, தண்ணி ரொம்பி, தன்னந்தனியா நிக்கும். ஊர்ல முதல்ல உறையுறது அது தான். சில வீட்ல இதுக்கு பதிலா வேற மாதிரி ஒரு சாமானை மண்ணுக்குள்ள பெட்டியில வெச்சிருப்பாங்க, அதுக்கு பயம் கம்மி.

இதை காலி பண்ண, மீட்டர் பக்கத்துல மண்ணுக்குள்ள ஸ்பிரிங்க்ளருக்குன்னு தனியா ஒரு வால்வு இருக்கும், அதை முதல்ல மூடணும். அப்புறம் பித்தளை சாமான் பக்கவாட்டுல இருக்குற ரெண்டு சின்ன திருகை ஸ்க்ரூ டிரைவரால பாதி திருப்பினா, புஸ்ஸுனு காத்தும் தண்ணியும் வரும். கடைசியா அதுல இருக்குற ரெண்டு பால் வால்வு (ஆவின் பால் இல்லீங்க, பந்து). இதை முழுசா மூடிட்டு போயிடுவாங்க. அங்க தான் ஆப்பு. மூடின நிலையில அந்த பந்தோட ஓட்டைக்குள்ள ஒரு வாய் தண்ணி சிறைபட்டு நிக்கும். அந்த ஒரு வாய் தண்ணி போதும், பித்தளைய பிளக்க. கைப்பிடிய குறுக்கா பாதியில, 45 டிகிரியில நிறுத்தி வெக்கணும். திருகுகளையும் அப்படியே பாதியில. பாக்க என்னமோ அரைகுறையா விட்ட மாதிரி இருக்கும். அது தான் சரி. மொத்தமா பத்து நிமிஷ வேலை. அதுக்கு மேல வேணும்னா போர்வை போத்துங்க, யாரு வேணாம்னா.

"நாங்க வாடகை வீடு, அதெல்லாம் ஓனர் பாத்துப்பாரு"ன்னு ஒரு கோஷ்டி சொல்லும். நானும் இப்போ வாடகை வீட்ல தான் இருக்கேன். ஓனர் வேற மாநிலத்துல இருக்காரு. சுவத்துக்குள்ள வெடிச்சா நனையப்போறது என் பாஸ்போர்ட்டும் என் லேப்டாப்பும். ஒப்பந்தத்துல நாப்பது பக்கம் கையெழுத்து வாங்குறாங்க, நாய் வளக்கலாமா, சுவத்துல ஆணி அடிக்கலாமான்னு எல்லாம் இருக்கு. தண்ணி வால்வு எங்கன்னு ஒரு வரி இல்ல. சாவி குடுக்குற அன்னிக்கே வீட்டை சுத்தி கூட்டிட்டு போய், இது மெயின் வால்வு, இது தோட்டத்து வால்வு, இந்தா மீட்டர் பெட்டி தொறக்குற நீட்டு சாவின்னு காட்டணும். காட்டலைன்னா நாம கேக்கணும். ஊர்ல வீடு பாக்க போனா முதல் கேள்வியே "தண்ணி எப்படி?" தானே. கடல் தாண்டி வந்ததும் அந்த கேள்வி எங்க போச்சு?

"வருஷத்துல நாலு நாள் குளிருக்கு இவ்வளவு அலப்பறையா"ன்னு இன்னொரு கோஷ்டி. நாலு நாள்ங்கிறதால தான் அலப்பறை. வருஷா வருஷம் ஆறு மாசம் உறையுற ஊர்ல ஜனங்களுக்கு இது கைப்பழக்கம். எங்க பக்கம் ராணுவத்துல இருந்து வந்தவங்க நிறைய. தெருவுல ஒரு பெரியப்பா லடாக்ல இருந்தவர். லே பக்கம் குளிர்காலத்துல பைப்பு லைனையே கழுவி காலி பண்ணிடுவாங்க, பக்கெட்டுல தான் தண்ணின்னு சின்ன வயசுல கதை சொல்லுவார். இப்பவும் அங்க டூர் போறவங்க சொல்றாங்க, பல ஹோட்டல்ல ஜனவரியில குழாயை திருகினா காத்து தான், ரூமுக்கு பக்கெட்டுல சுடுதண்ணி வரும்னு. அவங்க எந்த தொப்பியும் வாங்கல. டெக்சாஸ்ல 2021க்கு அப்புறம் 2022 டிசம்பர்ல மறுபடி வந்தது, மறுபடி பைப்பு வெடிச்சுது, மறுபடி கடையில தொப்பி காலி. பைப்பு மட்டும் காலி ஆகல.

டொரண்டோ, சிகாகோ, நியூஜெர்சி பக்கம் இருக்குற மக்கள் கிட்ட ஒரு டவுட்டு. உங்க ஊர்ல மண்ணுக்குள்ள இருக்குற லைனையும் கம்ப்ரஸர் வெச்சு ஊதி எடுக்குறீங்க. பிளாஸ்டிக் பைப்புக்கு 50 பி.எஸ்.ஐக்கு மேல காத்து அடிக்காதேன்னு சொல்றாங்க. கராஜ்ல சைக்கிளுக்கு காத்தடிக்குற சின்ன கம்ப்ரஸர்ல யாராவது இதை செஞ்சிருக்கீங்களா? பிரஷர் இருந்தாலும் அதுல காத்தோட அளவு பத்தாதுன்னு எனக்கு தோணுது. இந்த வருஷம் ஒரு லைன்ல மட்டும் செஞ்சு பாக்கலாம்னு இருக்கேன். செஞ்சவங்க பின்னூட்டத்துல எந்த சைஸ் டேங்க்குன்னு சொல்லிட்டு போங்க.

பி.கு: ஊர்ல இருக்குறவங்களுக்கு. வெயில்ல நிக்குற பி.வி.சி பைப்புக்கு வெள்ளை பெயிண்ட் ஒரு கோட் அடிச்சு விடுங்க, ஆயுசு கூடும். அது காலி பண்ற கேஸ் இல்ல, நிஜமாவே போத்துற கேஸ் தான்.